இளஞ்சிவப்பில் பதினேழு

மழை பிடித்துக்கொண்ட வெள்ளிக்கிழமை இரவு
பர்மா சாலைச் சலவைக் கடைக்கு
நான்கு மூட்டைகளோடு வந்தார்.
நாட்டின் பெயரைச் சொன்னார், விளங்கவில்லை.
கைப்பேசியில் வரைபடத்தை விரித்து விரித்து
கடல் நடுவே ஒரு குருணையைக் காட்டினார்.
பினாங்கைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.
அதற்கும் ஒரு தேசிய அணி.
ரக்பி லீக். பக்கத்துக்குப் பதிமூன்று பேர்,
மாற்றுக்கு நால்வர்.
பாங்காக்கில் தோற்று
கோலாலம்பூரில் தோற்று
நாளை ஐந்து மணிக்கு இங்கே.

விமானச் சீட்டு அவரவர் காசாம்.
மேலாளர் ஸ்பித்தேரி ஊரில் குழாய் பழுது பார்ப்பவர்.
அணியில் ஒரு தபால்காரர், இரண்டு சமையற்காரர்,
ஒரு பல் மருத்துவர்:
"அவனே உடைப்பான், அவனே கட்டுவான்."
தள்ளுபடிக்கான கதை என்று தெரிந்தும் சிரித்தேன்.
எண்பது வெள்ளி. காலை பத்துக்கு வாங்க.

சட்டைகள் வெள்ளை. பழைய பாணிப் பருத்தி.
மண்ணில் புரளும் ஆட்டத்துக்கு
வெள்ளையைத் தேர்ந்தவன் துணி துவைத்தவனாக இருக்க முடியாது.
ஒன்பதாம் எண்ணின் கழுத்துப்பட்டியில்
காய்ந்த ரத்தம்.
ரத்தத்துக்கு வெந்நீர் ஆகாது,
சூடு பட்டால் துணியோடு குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும்.
பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு
முகம் தெரியாத ஒருவனின் கழுத்தைக்
கட்டைவிரலால் தேய்த்தேன்.
வந்தது. முழுசாக வந்தது.

மூன்றாம் இயந்திரத்துக்குள்
உருளையின் மேல்விளிம்பில் ஒட்டிக் கிடந்தது
என் மகள் ஷர்வினாவின் விளையாட்டுப் போட்டிச் சட்டை.
சிவப்பு இல்லம்.
புத்தம் புதுசு.

நான் பார்த்தபோது மணி ஒன்று நாற்பது.
கண்ணாடிக்குப் பின்னால்
பதினேழு பேரும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

சோடா மாவு, எலுமிச்சை, குளோரின், முனீஸ்வரர்,
எல்லாரையும் கூப்பிட்டேன்.
நாலு மணிக்கு இன்னும் சீராகச் சிவந்திருந்தன.

காலையில் ஸ்பித்தேரி ஒன்றை எடுத்து
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.
மலாயிலும் ஆங்கிலத்திலும் மன்னிப்புக் கேட்டு முடித்து
நான் தமிழில் தொடங்கியிருந்தேன்.
"வேறு செட் இல்லை" என்றார்.
பிறகு, "பதினேழும் ஒரே நிறமா?"
ஒரே நிறம்.
"அப்படியென்றால் அணிதான்."
காசு வேண்டாம் என்றேன்.
எண்பதையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

தீபாவளிக்குப் பிறகு முதல் தடவையாக
மாலையில் கடையைச் சாத்தினேன்.
பந்தை முன்னால் எறியக் கூடாதாம்,
பக்கத்தில் நின்ற சீனப் பையன் சொன்னான்.
"ஆறு தடவை விழலாம் ஆன்டி,
அதுக்குள்ள போய்ச் சேரணும்."
ஆறு தடவையா!
தாராளமான ஆட்டம்தான்.

நம்மவர்கள் மஞ்சள்.
அவர்கள் தொட்டில் துணி மாதிரி.
கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள்,
நான் குடைக்குள் தலையை இழுத்துக்கொண்டேன்.
கால் மணி நேரத்தில்
இரண்டு பக்கமும் சேற்று நிறம்.
நான் ஒன்பதாம் எண்ணின் கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சுத்தமாக இருந்தது, இருந்தது,
அப்புறம் யார் முழங்கையோ பட்டு உதடு கிழிந்து
அதே பட்டியில், அதே இடத்தில்.
எனக்குக் கோபமே வந்துவிட்டது.

நாற்பத்தெட்டுக்குப் பத்து.
அந்தப் பத்தில் நாலு பல் மருத்துவருடையது,
கோட்டுக்கு அப்பால் வயிற்றால் வழுக்கிக்கொண்டு போய்
பந்தை வைத்தார்.
அவர்கள் கோப்பை வென்றவர்கள் போல
ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள்.
நானும் கத்தினேன்.
பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை ஒரு போலீஸ்காரர் கடைக்கு வந்தார்.
சீருடைக்கு அடியிலிருந்து
சுருட்டிய ஒன்றை எடுத்தார்:
ஆட்டம் முடிந்து மாற்றிக்கொண்டதாம்,
நம் மஞ்சளில் ஒன்பது இவர்.
"ரத்தம் போகணும்,
இந்த நிறம் மட்டும் போகக் கூடாது."
யாரும் இப்படிக் கேட்டதில்லை.

பச்சைத் தண்ணீர், என்றேன்.
தனியாக.