மூன்று இருபதும் ஏழும்

கொதிகலன் பழுது. மழலையர் பள்ளிக்கு இரண்டு நாள் பூட்டு.
நர்கீசா டீச்சர் போனில் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார்:
நிறம் பிரிக்க, இருபது வரை எண்ண,
களிமண்ணில் பெயர் எழுத,
பெரியவர் ஒருவர் அருகில் இருக்க.

அருகில்தான் இருக்கிறேன்.
விடிய விடிய அடுப்பின் உள்சுவரில்
ரொட்டி அறைந்துவிட்டு
ஒன்பது மணிக்கு வீடு சேர்ந்தவன்,
புருவத்தில் இன்னும் மாவு.
மானானா வாசலிலேயே
சாவியையும் மகளையும் என் கையில் மாற்றிவிட்டு
ரயில் நிலையத்துக்கு ஓடினாள்.
டிக்கெட் ஜன்னல் தாமதம் பொறுக்காது.

குட்டாய்சியில் பனி. ரியோனி ஆறு
பாலத்துக்கடியில் பல் கடித்துக்கொண்டு போகிறது.

களிமண் இல்லை. கடையிலிருந்து
துண்டில் சுற்றி வந்த மாவுருண்டை இருந்தது.
எங்கள் எழுத்தில் நேர்கோடு கிடையாது,
மாவுக்கென்றே வளைத்ததுபோல் இருக்கும்.
கேத்தோ. நான்கு எழுத்து.
உருட்டினாள், நீட்டினாள், ஒன்றை நக்கினாள்.
கடைசி எழுத்துக்கு இரண்டு முதுகு.
"ஒட்டகம்," என்றாள். மறுக்கவில்லை.
தட்டில் வைத்து ஹீட்டர் பக்கம் தள்ளினோம்.

பிறகு மொச்சை. இரவுச் சமையலுக்கானது.
சிவப்பு இங்கே, புள்ளி இங்கே என்றேன்.
அவள் வேறு மாதிரி பிரித்தாள்:
இவர்கள் பத்தூமிக்கு பஸ் ஏறியவர்கள்,
இவர்கள் பஸ்ஸை விட்டவர்கள்,
இவனுக்கு வயிற்றுவலி.
இவன் யார் என்றதற்கு
"இன்னும் சொல்லவில்லை" என்றாள்.
டீச்சருக்கு இதை எந்தக் கட்டத்தில் எழுதி அனுப்ப?

"ஒளிந்துகொள்கிறேன். இருபது வரை எண்ணு."
நாற்காலியில் உட்கார்ந்தேன், கண்ணைப் பொத்தினேன்.
ஒன்று, இரண்டு.
அலமாரிக் கதவு கிரீச்சிட்டது.
குளிர்கோட்டுகளுக்குப் பின்னால்தான், தெரியும்.
ஒன்பது. பத்து.
பதினான்கு சொன்னது நினைவிருக்கிறது.

கண் திறந்தபோது
வெயில் சுவர் மாறியிருந்தது.
மடியில் மானானாவின் கம்பளி மேல்கோட்டு.
வாயைத் துடைத்துக்கொண்டு குதித்தெழுந்தேன்.
ஹீட்டர், ஜன்னல், கத்தரிக்கோல்
எல்லாம் ஒரே நொடியில் கண்ணில் ஓடின.
ஒன்றும் ஆகவில்லை.
அவள் தரையில் குப்புறப் படுத்திருந்தாள்.
நாற்காலிக் காலிலிருந்து சமையலறை வரை
மொச்சை வரிசை.

"இது என்ன?"
"உன் குறட்டை. ஒன்றுக்கு ஒன்று."

ஒளிந்த இடத்தில் காத்திருந்தாளாம்.
யாரும் தேடி வரவில்லையாம்.
சத்தம் மட்டும் வந்ததாம்.
இருபதுக்கு மேல் அவளுக்கு எண் தெரியாது.
அதனால் இருபதானதும் ஒரு பொத்தான் வைத்து
மறுபடி ஒன்றிலிருந்து.

விரல் வைத்துச் சொன்னாள்:
"ஒரு இருபது, இன்னொரு இருபது,
இன்னொரு இருபது, அப்புறம் ஏழு."

நின்ற இடத்திலேயே நின்றேன்.
எங்கள் மொழியில் அறுபத்தேழு என்ற சொல்லே இல்லை.
மூன்று இருபதும் ஏழும் என்றுதான் சொல்வோம்.
முப்பத்தைந்து வருடமாக
ரொட்டியும் காசும் எண்ணிய வாய் இது.
உள்ளே இருபதுகள் உட்கார்ந்திருப்பதை
ஒரு நாளும் கேட்டதில்லை.

"அதுதான் அந்த எண்ணோட பேரு," என்றேன்.
"தெரியும்," என்றாள், தெரியாமல்.

ஹீட்டர் பக்கம் போனால்
அவள் பெயர் ஊதிப் பருத்து
நான்கு எழுத்தும் ஒன்றையொன்று அணைத்துக் கிடந்தன.
ஒட்டகம் பக்கத்து வீட்டுக்கே குடிபோய்விட்டது.
படிக்க முடியவில்லை. சுட்டோம்.

மாலையில் மானானா காலணியை உதறிக்கொண்டே கேட்டாள்,
இன்றைக்கு என்ன சொல்லிக்கொடுத்தாய் என்று.
நான் மொச்சையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
கேத்தோ முந்திக்கொண்டாள்:
"அப்பாவுக்குப் பதினான்கு வரைதான் தெரியும்."

பானையில் ஒரு குறட்டை குறைந்தது.
வயிற்றுவலிக்காரனை அவள்
பாக்கெட்டில் வைத்திருக்கிறாள்.