இருபத்தொரு வருஷம்

"வீட்டை ஒருத்தரும் விக்கக்கூடாது,
எண்டைக்குமே. அப்பிடி எழுதும்"
என்றார் அருளம்பலம்.
தட்டச்சை நிறுத்தினேன்.

சட்டம் அவ்வளவு தூரம் கூட வராது ஐயா.
இன்றைக்கு மூச்சு விடுகிற ஓர் உயிர்,
அது அடங்கி இருபத்தொரு வருஷம்.
பிறகு செத்தவர் சொல் செல்லாது.

"ஆற்றை உயிர்?"
யாருடையதும். பெயர் எழுதினால் சரி.

மகனுக்குச் சர்க்கரை. மகளுக்குப் பிரஷர்.
பேரன் மோட்டார் சைக்கிள் ஓடுகிறான்.

கடைசியில் எழுதுவித்தது ஹோதன்:
பேஸ்மென்ட்டில் குடியிருக்கும் சோமாலியப் பெண்ணின்
பத்தொன்பது நாள் மகள்.
இரவிரவாய் அழுகிறாளென்று
எழும்பச்சொல்லி நோட்டீஸ் கொடுத்திருந்தார்.

ஸ்காபரோவில் ஜனவரி.
நோட்டீஸைக் கிழித்துவிட்டாராம்.
ஹீட்டரை இரண்டு டிகிரி கூட்டிவிட்டு
நடுச்சாமத்தில் படியில் நின்று
காது கொடுக்கிறார்,
அழட்டும் என்று.