பதினோராம் சுற்று

முதல் சுற்றுக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள்.
புதுவயல் மில் வாசலில், எடைமேடைக்குப் பக்கத்தில்,
வயிரவன் போனைச் செங்கல்லில் சாய்த்து வைப்பான்.
அவியல் தொட்டியின் ஆவி
நெல் வாசத்தோடு வந்து திரையில் படியும்,
யாராவது சட்டை நுனியால் துடைப்பார்கள்.

இதுவரை காசு வாங்கி ஆடாத கபடிப் பிள்ளைகளை
அணிகள் சுற்றுச்சுற்றாய் எடுக்கும் ராத்திரி.
எங்களுக்குக் கீழ்க்கரை சுறாக்கள்.
கோப்பை ஒன்றும் இல்லை, கோபம் நிறைய.

முதலில் எடுத்த பையன் ஆறடி இரண்டங்குலம்,
ஊரறிந்த பெயர்.
கைதட்டினோம். டீ சொன்னோம்.
மூன்றாம் சுற்றில் சிக்கந்தர் லோடு இறக்கப் போனான்.
ஐந்தில், கடைசி பஸ் என்று சாக்கோட்டைக்காரர் இரண்டு பேர்.
ஏழில் வயிரவனே தூங்கிவிட்டான்,
உமிமூட்டை மேல், வாய் திறந்து.

எனக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

நான் மில்லில் ஈரம் பார்க்கிறவள்.
குத்தூசியைச் சாக்குக்குள் இறக்கி
உள்ளங்கையளவு உருவி
ஒரு நெல்லைக் கடித்து 'பதினேழு' என்பேன்.
மெஷின் பதினேழரை என்னும்.
அந்த அரையில் முதலாளிக்கும் எனக்கும்
வருஷம் முழுக்கப் பேச்சு இருக்கிறது.
எந்த மூட்டையையும் யாரும் கொட்டிப் பார்ப்பதில்லை.

பதினோராம் சுற்றில்,
செ. இருளப்பன், பத்தொன்பது வயது,
இடது கார்னர், கமுதிப் பக்கம்.
அறிவித்தவர் பெயரைத் தப்பாய்ப் படித்தார்.
தேடினேன். பதினான்கு நொடி வீடியோ ஒன்று கிடைத்தது.
திருவிழா மேட்ச், டியூப்லைட், மண் தரை.
எடுத்தவன் கை நடுங்கி
பாதி நேரம் சுண்டல் வண்டியின் முதுகுதான்.
பாடி வந்தவன் போனஸுக்குக் காலை நீட்டுகிறான்.
நம்ம பையன் அசையவில்லை.
அசையவில்லை.
பிறகு பார்த்தால் கணுக்கால் அவன் கையில்.
எப்போது பிடித்தான் என்று
நிறுத்தி நிறுத்தி இருபது தடவை பார்த்தேன்.
சரியாக அந்த நொடியில்தான் சுண்டல் வண்டி.

மில்லின் பழைய சீட்டுப் புத்தகங்களுடைய பின்பக்கத்தில்
ஆறு வருஷத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.
பெயர், ஊர், சுற்று, எடை.
ஒருவன் போலீஸ் டீமில். ஒருவன் துபாயில் ஏசி மெக்கானிக்.
இரண்டு பேருக்கு முட்டி.
ஒருவனைப் பற்றி அப்புறம் எதுவுமே இல்லை,
எழுபத்தொரு கிலோ என்பது மட்டும்.
அறுபத்தாறு பெயரில் பெரிய மைதானம் இறங்கினது நாலு.
"இவனுங்க எல்லாம் யாரு, உன் பங்காளிங்களா?"
என்று வீட்டில் கேட்கிறார்கள்.
பங்காளிகளின் எடை எனக்குத் தெரியாது.

போன தை மாசம் அறந்தாங்கி ரோட்டிலிருந்து ஒரு லாரி.
சீட்டு வாங்க இறங்கினவனுக்குப் புருவத்தில் தையல்,
நிற்கையிலும் முன்காலில்தான் பாரம்.
"தனக்கோடிதானே? வலது கவர். எட்டாம் சுற்று" என்றேன்.
அவன் என்னைப் பார்க்கவில்லை,
என் மேசையில் கிடந்த நெல்லைப் பார்த்தான்.
"ஒன்பது" என்றான்.
நோட்டை எடுத்துத் திருத்தினேன்.
"எடை எவ்வளவு?"
லாரியைத்தான் கேட்டான்.
இருபத்தொரு டன், நானூற்று அறுபது.
கையெழுத்துப் போட்டான்.
கார்பன் நகல் மில்லுக்குச் சேர வேண்டியது.
அந்த ஒன்றை மட்டும் நான் ஃபைலில் வைக்கவில்லை.

வயிரவன் கண்ணைத் திறந்தான்.
"உருப்படியா யாராச்சும்?"
"ஒருத்தன்."
போனை நீட்டினேன்.
உமியைத் தட்டிவிட்டுக் குனிந்து பார்த்தான்,
பதினான்கு நொடியும்.
"சுண்டல் வண்டிதான்டீ தெரியுது."

இன்னொரு தடவை பாரு என்றேன்.
பன்னிரண்டாம் சுற்று அதற்குள் தொடங்கிவிட்டது.