ஒரே ஒரு வரி

ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும் என்றிருந்தது
கையேட்டின் முதல் பக்கத்தில்.
சேர்த்தேன்.
நாற்பத்தேழு பிழைகள்.

சத்துவாச்சாரியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே அலுவலகம்.
நான்கு வருடமாக நான் கட்டிய சீட்டு ஆப்:
தவணை, ஏலம், ரசீது.
பாதுகாப்பு போதாது என்றுவிட்டார் ஆடிட்டர்.
முனிரத்தினம் முதலாளி ஒரு காவலை
வருடச் சந்தாவுக்கு வாங்கிவிட்டார்,
உள்ளே இருப்பதைக் காட்டாத பெட்டி.

வேலூர்க்காரி காவலைப் பற்றி எழுதினால்
கோட்டையும் அகழியும் வந்தாக வேண்டுமாம்.
வராது.
எனக்கு வந்தது கிரேடில்.
இரண்டு லைப்ரரிகள் ஒரே கிளாஸைத் தூக்கிக்கொண்டு
பங்காளிகள் ஒரே பத்திரத்தோடு வந்ததைப்போல் நின்றன.
ஒன்றை விலக்கினேன்.
பழைய ஆண்ட்ராய்டில் ஓடமாட்டேன் என்றது அடுத்து.
எண்ணை உயர்த்தினேன்.
அந்த எண்ணுக்குக் கீழே
பதினொரு வசூல்காரர்கள் இருந்தார்கள்.
பட்டியலை மூடினேன்.

ஐந்து எம்பி பதினாறு ஆனது.
இந்த ஃபோனில் வேறென்ன ஆப்கள் என்று பார்க்க
அனுமதி கேட்டது காவல்.
நான் யாரிடமும் கேட்டிராத கேள்வி.

இரவு ஒன்றேகாலுக்கு எல்லாம் பச்சை.
சுவர் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.
கீழே பெங்களூர் லாரிகள்.
என் ஃபோனில் திறந்தேன்.
"இந்தச் சாதனம் நம்பத்தகுந்ததல்ல."
டெவலப்பர் ஆப்ஷன் திறந்திருந்ததாம்.
கட்டினவளுக்கே கதவில்லை;
தனியாகச் சிரித்தேன்.

காலையில் கஜபதி, குடியாத்தத்திலிருந்து:
"மேடம், ஆப்பு என்னைத் திருடன்னுது.
பஸ் ஸ்டாண்டாண்ட செகண்ட்ஸ்ல வாங்கின ஃபோனு.
ரூட்டு ரூட்டுன்னு வருதே, நான் போற ரூட்டா?
நெல்லூர்பேட்டை, பிச்சனூர், செதுக்கரை.
பதினஞ்சு வருசமா அதே ரூட்டுதான் மேடம்."

அமைப்புக் கோப்பில் ஒரு சொல்: தடு.
எச்சரி என்று அதை மாற்றலாம்.
ஆடிட்டர் கையெழுத்துப் போடமாட்டார்.
அவருக்கு முன்னால் அந்த ஃபோனை வைத்திருந்தவன்
உள்ளே எதை விட்டுப் போனானோ,
எனக்கும் தெரியாது, கஜபதிக்கும் தெரியாது.
காவல் சொல்வது பொய்யில்லை.
அவர் சொல்வதும்.

சந்தா எவ்வளவு என்று கேட்டேன் முதலாளியிடம்.
சொன்னார்.
அந்தப் பணத்துக்குப் பன்னிரண்டு புது ஃபோன் வரும்,
பதினொருவருக்கும் கஜபதிக்கும்.
இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.
ஒரே ஒரு வரி.

நீல டிக் இரண்டு விழுந்து
மூன்று மணி நேரமாகிறது.
பிச்சனூரில் கஜபதி
கோடு போட்ட நோட்டைக் கிழித்து
ரசீது எழுதிக்கொண்டிருக்கிறார்.