மஞ்சள் கம்மல்

ஓமலூர் மேம்பாலத்தடியில் வேன் நின்றபோது மணி ஐந்தேகால்.
பதினேழு பேர். பதினாறு பேருக்குக் குல்லா.
பால் சங்கச் செயலாளர் அர்த்தநாரி
தலைகளை எண்ணினார், பிறகு குல்லாக்களை எண்ணினார்,
"இன்சூரன்ஸ் மேடத்துக்கு ஒரு துண்டு குடுங்கப்பா" என்றார்.

மார்கழியில் மாட்டுப் பண்ணைச் சுற்றுலா.
தலைக்கு நானூறு, இட்லி உட்பட.
நான் ஆசைப்பட்டு வரவில்லை.
முப்பத்தொன்பது பாலிசி ஆகியிருந்தது,
நாற்பதோடு வா என்று அனுப்பியிருந்தார் மேலாளர்.

பதினோரு வருடமாக
நான் பார்க்கும் மாடுகள் எல்லாம் படுத்தே இருக்கும்.
போட்டோவில், ஒருக்களித்து, வயிறு ஊதி,
கொம்பருகே அன்றைய செய்தித்தாள், தேதி தெரிய.
காதிலிருந்து கழற்றிய மஞ்சள் கம்மல்
தபால் உறையில் தனியாக வரும்,
சிலவற்றில் இரண்டொரு முடியும் ஒட்டியிருக்கும்.
எண்ணைச் சரிபார்த்துப்
பச்சை மையில் டிக் போடுவேன்.
வாலாட்டும் மாடு என் மேஜைக்கு வந்ததில்லை.

முதல் பண்ணையில் கறவை மெஷின்.
"கரண்டு போனா?" என்று கேட்டார் தீர்த்தகிரி.
முதலாளி பதில் சொல்லாமல்
அடுத்த கொட்டகைக்கு நடந்தார்.
இரண்டாவதில் மாடுகளுக்கு மின்விசிறி.
எங்களுக்குக் குளிர்.

மூன்றாவது, கணவாய்ப்புதூர் தாண்டி.
வனத்துறை வேலி வரைக்கும் புல்,
கொழுக்கட்டைப் புல், முழங்கால் உயரம்,
நடந்தால் சேலைக்கரை கனத்தது.
சேர்வராயன் மலை இல்லை.
"அங்கதான் இருக்கு" என்று பனியைக் காட்டினார்கள்.
இருப்பதாக ஒப்புக்கொண்டோம்.

பாவாயி அக்கா மாட்டைப் பார்க்கவில்லை,
செருப்பு நுனியால் சாணியைக் கிளறிப் பார்த்தார்.
"நல்லாத்தான் திங்குது."

அப்போது பனிக்குள்ளிருந்து
மூச்சு முதலில் வந்தது, பின்னால் மாடு.
கறுப்பு. நெற்றியில் வெள்ளை, சாவி மாதிரி.
இடது கொம்பு பாதி.
இடது காதில்
ஐம்பது காசு அளவுக்கு ஓட்டை.

போன பங்குனிக்கு முந்தின பங்குனி.
வயிற்று உப்புசம். ஐம்பத்தைந்தாயிரம்.
டிக் நான் போட்டது.

சாவி மாதிரி வெள்ளை எத்தனையோ மாட்டுக்கு இருக்கலாம்.
கொம்பும் ஒடியலாம்.
கொட்டகைக்குப் பச்சைத் தகரம், புதுசு,
ஐம்பத்தைந்தாயிரத்துக்கு எத்தனை தகடு வருமென்று
மனசு தானாகக் கணக்குப் போட்டது.
கோகிலவாணி டீ கொண்டுவந்தாள்.
"இதோட பால்தாங்க. காலைல கறந்தது."
செத்து இருபத்தோரு மாதமான பால்.
ஆடை கட்டியது.
குடித்தேன்.
சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

"மேடத்துக்கு ஒண்ணு குறையுதாம், மாதப்பா,
இதுக்குப் போட்டுக்க" என்றார் அர்த்தநாரி.
மாதப்பன் என் கழுத்து அட்டையைப் பார்த்தார்.
அங்... கயற்... கண்ணி.
எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே வந்த உதடு
கடைசி எழுத்தில் நின்றது.
காசோலையோடு வந்த கடிதத்தின் கீழ்
அந்தப் பெயரை அவர் பார்த்திருப்பார்.
கோகிலவாணி காலி டம்ளர்களை
ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள்.
பிறகு பிரித்தாள், திரும்ப அடுக்கினாள்.

தீர்த்தகிரி வேலியோரம் ஒதுங்கினார்.
வேன்காரர் ஹாரன் அடித்தார்.
படிவத்தை எடுத்தேன்.

"வயசு?"
"ஆறுங்க."
செத்தபோதும் ஆறுதான்.

மாதப்பன் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தார்.
என்னைப் பார்க்கவில்லை. மலை இருக்கும் திசையைப் பார்த்தார்.
பையிலிருந்து குறடை எடுத்தேன்,
கம்மலை மாட்டினேன்,
எண் ஒன்பதில் முடிந்தது.
காது சுடச்சுட இருந்தது,
அவ்வளவு சூடாக இருக்கும் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

புதிதாகக் குத்த வேண்டியிருக்கவில்லை.