ஏறத்தான் காசு

குல்தானியில் ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளும் ஒரு பெட்டி.
பத்துத் தெத்ரி போட்டால் மேலே தூக்கும்.
இறங்க இலவசம்.
இதை எவன் யோசித்தான் என்று தெரியாது,
ஆனால் எங்கள் மூன்று பேருக்கும்
படியளந்தவன் அவன்தான்.

கோச்சாவிடம் ஸ்க்ரூடிரைவர்.
சைராவிடம் பை, அதன் வாயில் இரண்டு கட்டுக் கொத்தமல்லி,
சந்தைக்குப் போய் வருகிறவள் மாதிரி.
நான் வாசலில் நின்று இருமுவேன்.
ஒரு இருமல் என்றால் ஆள் வருகிறது.
இரண்டு என்றால் போலீஸ்.
அந்தக் குளிரில் எனக்கு நிஜ இருமல் பிடித்து
ஒரு வாரம் தொழில் கெட்டது.

பதினாறு மாடிக் கட்டடம். பிப்ரவரி. இரவு இரண்டு மணி.
கதவு திறந்தது.
பெட்டிக்குக் கீழே ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது.
மூன்று வயது இருக்கலாம்.
யாரோ பெரியவருடைய கம்பளிச் சட்டை,
கை இரண்டும் அதற்குள் எங்கோ.
அழவில்லை.
கோச்சா ஸ்க்ரூடிரைவரை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்,
பாதிரியாரைப் பார்த்துவிட்டவன் போல.

"எந்த மாடி?" என்றாள் சைரா.
பதில் இல்லை.
"யார் வீடு?"
குழந்தை ஒரு கையைத் தேடி வெளியே எடுத்து விரித்தது.
பத்துத் தெத்ரி.
வியர்வையில் ஊறி, வெதுவெதுப்பாக.
ஏறுவதற்குக் காசு கொடுத்து
உள்ளே விட்டுப் போயிருக்கிறார்கள்.
பட்டன் எட்டாது என்று
யோசிக்காமலோ,
யோசித்துத்தானோ.

அன்று பெட்டியை உடைக்கவில்லை.

பெயர் சொல்லாததால் அத்தி என்று கூப்பிட்டோம்.
எங்கள் பேச்சில் அத்தி என்றால் பத்து.
"நாளைக்கு ஒப்படைத்துவிடலாம்" என்பாள் சைரா, தினமும்.
சொல்லிக்கொண்டே ரொட்டியின் நடுவைப் பிய்த்து
அதன் பக்கம் தள்ளுவாள்.
பாதிப் பல் போனவள்
ஓரத்தை மென்றுகொண்டிருப்பாள்.

கோச்சா ஒரு கரடி பொம்மை கொண்டுவந்தான், ஒரு கால் இல்லாதது.
"திருடுறதே திருடுற, முழுக் கரடியா எடுக்கக்கூடாதா?"
"முழுசா இருந்ததை
அந்த வீட்டுப் பிள்ளை கட்டிக்கிட்டுத் தூங்குது."

இந்த ஊர் தொலைத்ததை எல்லாம்
லிஃப்டுச் சுவரில்தான் ஒட்டும்.
காணவில்லை: சாம்பல் பூனை, ஒரு காது மடங்கியது.
காணவில்லை: சாவிக்கொத்து.
காணவில்லை: சைக்கிள். (அது நாங்கள்.)
காணவில்லை: இடது கையுறை, பச்சை.
(அது சைக்கிளோடு வந்தது.)
அதன்பின் எந்த லிஃப்டில் நுழைந்தாலும்
முதலில் சுவரைப் பார்த்தோம், அப்புறம்தான் பெட்டி.
முதல் வாரம், குழந்தை பற்றிய காகிதம் இல்லை என்றதும்
மூச்சு வந்தது.
மூன்றாம் வாரம் கோச்சா சுவரைக் குத்தினான்.
"ஒரு கையுறையைத் தேடுறாங்கடா, மாமுக்கா.
ஒத்தைக் கையுறையை."

ஏப்ரலில் பட்டப்பகலில் அந்தக் கட்டடத்துக்கே போனோம்.
ஸ்க்ரூடிரைவர் இல்லை, பை இல்லை.
அத்தி தன் காசைத் தர மாட்டேன் என்றது.
கோச்சா சொந்தக் காசைப் போட்டான்.
உள்ளே விழுந்த சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தான்;
வெளியே கொட்டும் சத்தம்தான் அவனுக்குப் பழக்கம்.
தூக்கிப் பிடித்ததும்
அத்தி எல்லா பட்டனையும் அமுக்கியது.

மூன்றில் வெங்காயம் வதங்கும் வாசனை.
ஐந்தில் பல்பு இல்லை.
ஒன்பதில் ஒரு நாய், லிஃப்டுக்குக் காத்திருந்தது போல. ஏறவில்லை.
பதினொன்றில் ஒரு பெண்.

எங்களைப் பார்த்தாள்.
கோச்சாவின் இடுப்பில் இருந்ததைப் பார்த்தாள்.
"கீழேயா?"
"மேலே" என்றேன்.
"பரவாயில்லை, படியில் போகிறேன்."

பதினோரு மாடியைப் படியில் இறங்குவார்களா யாராவது,
இறங்க இலவசமாக இருக்கும்போது?
செருப்புச் சத்தம் ஒவ்வொரு தளமாகச் சிறுத்தது.
அத்தி கோச்சாவின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தது,
எப்போதும் போலவா, இறுக்கமாகவா,
அவன் இன்றுவரை சொல்லவில்லை.
எனக்கு இருமல் முட்டியது.
அடக்கிக்கொண்டேன்.

கதவு மூடியது.
பன்னிரண்டு.
அத்தி எட்டிப் பார்த்தது.