இடக்கைக்கு ஒரு வேலை

உபியில் ஏழாவது மாடி.
மின்தூக்கி திறந்ததும் கார்கள்,
ஒவ்வொன்றின் கண்ணாடியிலும்
அது சாகப்போகும் தேதி.

"மூணு வருஷம் நாலு மாசம் இருக்கு"
என்கிறார் செங், பெண் பார்க்க வந்தவர்களிடம்
வயதைக் குறைத்துச் சொல்பவர் போல.
ஒரே நீலத்தில், ஒரே ஆண்டில், இரண்டு ஜெர்மன் கார்கள்.
இது இரட்டைக் கிளட்ச்.
அது கைகியர்; ஒன்பதாயிரம் வெள்ளி குறைவு.
"அதை யாரும் கேக்குறதில்ல, மேடம்.
இந்த ஊர்ல யாருக்கு லா இடதுகால் இருக்கு?"

எனக்கு இருக்கிறது.
பதினோரு வருஷம்
மருத்துவமனைகளின் அழுக்குப் போர்வைகளை
சிலேத்தாரிலிருந்து அவுட்ரம் வரை
வேனில் இழுத்த கால்.

மணிமொழியனின் உரிமம் தானியங்கிக்கு மட்டும்.
மகனுக்கும் அதுதான். கொழுந்தன் தயாபரனுக்கும் அதுதான்.
"இரட்டைக் கிளட்சே எடு," என்கிறார்.
"எல்லாரும் ஓட்டலாமே."

மூலையில் ஒரு பழைய ஆட்டோமேட்டிக்கும் நின்றது.
அதற்குள் எதுவும் எதையும் நேராகத் தொடாதாம்,
நடுவில் எண்ணெய் சுழன்று சேதி சொல்லுமாம்,
நானும் இவரும் மகன் வழியாகப்
பேசிக்கொள்வதைப் போல.
நின்று பார்க்காமலே தாண்டினோம்.

இரட்டைக் கிளட்சை ஓட்டினேன்.
குறை சொல்ல முடியாது. நுங்கு வழுக்குவது போல் மாறியது.
காக்கி புக்கிட்டிலிருந்து மெக்கானிக் சாகுல்
போனில் விளக்கினார்:
"ஒரு கிளட்ச் மூணாவது கியரைப் பிடிச்சிருக்கும்போதே
இன்னொண்ணு நாலாவதைப் பிடிச்சுக் காத்திருக்கும் அக்கா.
அதான் இடைவெளியே தெரியறதில்ல."

சிவப்பு விளக்கு இல்லாத இடத்தில்
பிரேக்கை மிதித்தேன்.

குக்கர் மூன்றாவது விசில் அடிக்குமுன்
சீருடைக்கு இஸ்திரியைச் சூடாக்கியவள்.
மாமனாரின் டயாலிசிஸ் முடியுமுன்
கீழே டாக்சியை வரவழைத்தவள்.
இருபத்திரண்டு வருஷம், இடைவெளி தெரியாமல்.
"எப்படித்தான் சமாளிக்கிறியோ" என்று பாராட்டு வேறு.
ஒருவரும் பானட்டைத் திறந்து பார்த்ததில்லை.

"மெதுவா ஊரும்போதுதான் சூடாகும்,
பிஐஇ நெரிசல்ல கொஞ்சம் நடுங்கும்,"
சாகுல் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.
"ரிப்பேர்னு வந்தா ஆறாயிரம், ஏழாயிரம்."
தெரியும் என்றேன்.
அவர் காரைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு அது.
தாழ்ந்த இருக்கை. கனத்த கிளட்ச்.
குமிழில் எண்கள் பாதி தேய்ந்து
யாருடைய உள்ளங்கையோ மிச்சமிருந்தது.
கொடுக்க ஆகாது, வாங்க ஆகாது என்று
பிறந்ததிலிருந்து ஒதுக்கி வைத்த என் இடக்கை
போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டது,
தன் பெயருக்கே கடிதம் வந்தவளைப் போல.

ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும் வழியில்
ஒரு நொடி
எந்தப் பல்லும் எந்தப் பல்லையும் பிடிக்கவில்லை.
இன்ஜின் தன் பாட்டுக்கு. சக்கரம் தன் பாட்டுக்கு.
கார் சும்மா உருண்டது.
நானும்.

சாலை முனையில் அணைந்துபோனது.
பின்னால் லாரியின் ஹார்ன்.
செங் கதவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.
ஆறு வருஷமாக வேன் ஓட்டாத கால்,
மறந்திருக்கிறது. வியர்த்தேன், சிரிப்பும் வந்தது,
சாவியைத் திருப்பினேன்.

"இத்தனை பணம் கொட்டி,
ஒருத்தர் மட்டும் ஓட்டுற காரா?"
கையெழுத்துப் போடும்போதும் கேட்டார் மணிமொழியன்.
என் சேமிப்பு. பேனா செங்குடையது.
"ஆமா," என்றேன்.
"மூணு வருஷம் நாலு மாசத்துக்கு."

ஞாயிற்றுக்கிழமை தயாபரன் வந்தான்.
"அண்ணி, ஜொகூர் வரைக்கும் போயிட்டு வந்திடறேன்."
சாவியை உடனே கொடுத்தேன்.

வடை ஆறுவதற்குள் திரும்பி வந்து
மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்,
மரியாதையாக,
வலக்கையால்.